பந்தடி முடியும் வரைக்கும் அக்கா

சனிக்கிழமை காலையில் பேத்தியின் பந்தடி பார்க்கப் போவது என் வழக்கம். டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால்தான் மைதானம். மடக்குக் கதிரை, கம்பளிப் போர்வை, பிளாஸ்கில் தேத்தண்ணி, இவ்வளவும் இருந்தால் மழைக்கும் நான் அசைய மாட்டேன். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் மெல்லமாகக் கைதட்டுவார்கள். நான் கத்துவேன். எங்கள் வீட்டில் பந்தடி பார்க்கிற முறை அதுதான்.

போன கிழமை பேத்தி ஒரு கோல் அடித்தாள். அடித்துவிட்டு, கரையில் நின்ற தமையனைப் பார்த்து அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பேரைச் சொல்லாதை பிள்ளை. அண்ணா எண்டு கூப்பிடு."

சகோதரம் என்றால் சகோதரம்தானே, அதில் மூத்தது என்ன, இளையது என்ன என்று டெனிஷில் கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் வயது வாயில் இல்லை, இலக்கத்தில் இருக்கிறது. ஆளுக்கொரு இலக்கம் அரசாங்கம் கொடுக்கும். அதன் முன்பாதி பிறந்த நாள். பந்தடிக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனாலும் அந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள். ஒரு நாளைக்கூட ஒளிக்க முடியாது. எங்களுக்கு அப்படியில்லை. ஒருத்தி ஒருத்தனை அண்ணை என்று கூப்பிட்டாள் என்றால் அதுதான் அவனுடைய பிறப்புச் சான்று. அந்தச் சொல் ஒன்றால் ஒரு கல்லூரியின் பந்தடிப் பருவமே கவிழப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். கதையில் கை வைக்க வேண்டாம். அது என் தலைக்குள் பிழையில்லாமல்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கரையோரம். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை என்பதால் அம்மாவும் நானும் அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தோம். அம்மாவின் தகப்பனை நாங்கள் அப்பு என்போம். வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். அவருடைய பிள்ளைகளில் அம்மாதான் மூத்தவர். அடுத்தவர் மாமா. கடைசி சின்னம்மா. மாமாவையும் சின்னம்மாவையும் பற்றித்தான் இந்தக் கதை.

மாமாவுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டில் இருபத்திரண்டு, கல்லூரியில் பதினெட்டு. சின்னப்பிள்ளையில் பள்ளிக்கூடத்தின் பக்கம் தலைகாட்டாமல் கடற்கரைக்கு ஓடுவாராம். கடைசியில் அப்பு பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது, இவ்வளவு தோள் அகன்ற பெடியனைச் சின்ன வகுப்பில் எப்படி இருத்துவது என்று தலைமை வாத்தியார் யோசித்தாராம். அப்பு நின்ற இடத்திலேயே நாலு வயதைக் குறைத்துவிட்டார். சந்தையில் கூறு மீனுக்கு விலை குறைக்கிற கைப்பழக்கம். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாமா அந்த வயதோடேயே படித்து, கத்தோலிக்கச் சுவாமிமார் நடத்திய கல்லூரிக்கும் வந்து சேர்ந்தார். படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. பந்து ஒட்டியது. வலை இழுத்த கை அல்லவா, அகலமான கை. அதற்குள் போன பந்து அவர் விரும்பினால்தான் வெளியே வரும். கோலைக் காக்கிறதற்கு அவரை விட்டால் கல்லூரியில் ஆளில்லை.

சின்னம்மாவுக்கு ஒரே வயதுதான். எங்கே கேட்டாலும் இருபது. கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் அரிவரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஆக, கல்லூரிக் கணக்கின்படி தமையனைவிடத் தங்கைக்கு இரண்டு வயது கூட. வீட்டில் ஒருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்தவர் வேறொருவர்.

அந்த வருடம் கல்லூரிகளுக்கிடையே நடந்த கேடய ஆட்டத்தில் எங்கள் கல்லூரி தோற்காமல் வந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயதைத் தாண்டியவர்கள் ஆடக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் வெறுங்காலோடு ஆடுவார்கள். மைதானத்தில் புல்லைவிட நெருஞ்சிதான் கூட. கோலுக்குக் கட்டிய வலை அப்பு கொடுத்த பழைய மீன்வலை. வெயில் ஏறினால் அது மணக்கும். மற்றக் கல்லூரிப் பெடியள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கோலுக்குக் கிட்ட வருவார்கள். அது எங்களுக்கு ஒரு வசதி என்று அப்பு பெருமையாகச் சொல்லுவார்.

இரண்டாவது ஆட்டத்திலோ மூன்றாவது ஆட்டத்திலோ, மாமா எதிரியின் காலில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். பந்து கைக்குள் வந்தது. ஆள் எழும்பவில்லை. சின்னம்மா எழும்பிவிட்டார்.

"ஐயோ, என்ர அண்ணை!"

மாமா மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். சனம் கைதட்டியது. எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர் மட்டும் தட்டவில்லை. பட்டணத்துக் கல்லூரியின் விளையாட்டு மாஸ்டர். எங்கள் ஆட்டத்தை வேவு பார்க்க வந்தவர். மெலிந்த மனிதர், குடையை விரிக்காமல் தோளில் கொழுவிக்கொண்டு திரிவார். அவருடைய மனைவியும் சின்னம்மாவோடு அதே கொன்வென்றில்தான் படிப்பித்தார்.

அவர் முன்னுக்குக் குனிந்தார். "பிள்ளை, நீர் இப்ப என்னெண்டு கூப்பிட்டனீர்?"

"யேசுவே எண்டு கூப்பிட்டனான் மாஸ்டர்."

"எனக்கு அண்ணை எண்டு கேட்டுது. உமக்கு இருபது எண்டு என்ர மனிசி சொல்லுவா. கோலுக்கை நிக்கிறவருக்குப் பதினெட்டாம். அப்ப அவர் எப்பிடி அண்ணை ஆனவர்?"

சின்னம்மா கண் சிமிட்டுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. "அது செல்லமாக் கூப்பிடுறது. கடைசிப் பெடியன் எல்லோ!"

"நல்ல செல்லம்," என்றார் மாஸ்டர். "ஒருநாளைக்கு வீட்டுப் பக்கம் வந்து உந்தச் செல்லத்தைப் பாப்பம்."

மாஸ்டர் வருவதற்கு முன் சுவாமி வந்துவிட்டார். கல்லூரியில் விளையாட்டுக்குப் பொறுப்பானவர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் வந்தவர், இறங்க முன்னரே கதைக்கத் தொடங்கினார். வயது பிழை என்று பட்டணத்தார் முறைப்பாடு எழுப்பப்போகிறார்கள், நிரூபித்தால் வென்ற ஆட்டமெல்லாம் தோல்விதான், பெடியனையும் கல்லூரியில் வைத்திருக்க ஏலாது என்றார். சோதனையில் தவறிய நாட்களில்கூடப் பசியோடு சாப்பிடுகிற மாமா, அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோலை விட்டால் அந்த மனிதருக்கு நிற்பதற்கு வேறு இடம் இல்லை.

அப்புவுக்கு மனம் பொறுக்கவில்லை. "சுவாமி, உள்ளதைச் சொல்லப்போனால்..."

சுவாமி உடனே கையை உயர்த்தினார். "உள்ளதைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுங்கோ. முற்றத்திலை வேண்டாம்." பிறகு எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒருத்தரையும் பொய் சொல்லச் சொல்லேல்லை. கூப்பிடுற முறையைத்தான் கொஞ்சம் ஒழுங்காக்கச் சொல்லுறன். பந்தடி முடியுமட்டும்."

அதாவது, அன்றிலிருந்து சின்னம்மா அக்கா. மாமா தம்பி.

மாமாவுக்குச் சொல் வரவில்லை. "அ..." என்று தொடங்குவார். மீன் முள் சிக்கினதுபோல் தொண்டையில் நிற்கும்.

"சொல்லு தம்பி, வெக்கப்படாதை," என்றார் சின்னம்மா.

"எடியேய், இன்னொருக்காத் தம்பி எண்டியோ, பல்லைக் கழட்டுவன்!"

சின்னம்மா அம்மாவிடம் திரும்பினார். "பாத்தியளே அக்கா, மூத்த சகோதரத்தோடை இவன் கதைக்கிற கதையை?"

சொல் மாறினால் மட்டும் காணாது, அதன் வாலும் மாற வேண்டும். அதுவரை "அண்ணை, சாப்பிட வாங்கோ" என்றவர், இப்போது "தம்பி, சாப்பிட வாடா" என்றார். "எடியே பெட்டை" என்று கூப்பிட்டுப் பழகிய மாமா, "அக்கா, துவாயை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டும். இங்கே டென்மார்க்கில் இந்தத் தொல்லை கிடையாது. எல்லோருக்கும் "டு" என்கிற ஒரே நீதான். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த காலத்தில், என் மகளின் வயதுப் பொறுப்பாளர் எனக்கு "டு" என்பாள், நானும் அவளுக்கு "டு" என்பேன். நல்ல வசதிதான். ஆனால் ஒருவரை ஒரு சொல்லால் கீழே இறக்கிவிடுகிற சந்தோஷம் இந்த மொழியில் இல்லை. சின்னம்மா அந்தச் சந்தோஷத்தை ஒவ்வொரு நாளும் அனுபவித்தார். தம்பி, தண்ணி அள்ளு. தம்பி, சைக்கிளைத் துடை. தம்பி, அக்கா நிக்கேக்கை நீ கதிரையிலை இருக்கிறதோ?

எனக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. இருவருமே அம்மாவுக்கு இளையவர்கள். தலைகீழாக்கினாலும் மாமா மாமாதான், சின்னம்மா சின்னம்மாதான். என்றாலும் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லித் தந்தார்கள். தம்பி, தம்பி, தம்பி என்று நான் கிணற்றடியில் நின்று பாடமாக்கினேன்.

பெரிய சண்டை வந்தது மீன் தலைக்கு. கறியில் தலை எப்போதும் இளையவர்கள் இருவரில் மூத்தவர் என்று மாமாவின் சாப்பாட்டுக் கோப்பைக்குத்தான் போகும். அன்று அம்மா தலையைத் தூக்கிச் சின்னம்மாவின் கோப்பையில் வைத்துவிட்டார்.

"அக்கா, இதென்ன அநியாயம்? மாஸ்டர் சட்டிக்குள்ளையும் எட்டிப் பாப்பாரோ?"

"சாப்பாட்டு நேரத்திலை வந்தாரெண்டால்?" என்றார் அம்மா.

"பழகினால் முழுசாப் பழகவேணும், தம்பி," என்று சின்னம்மா மீனின் கண்ணை உறிஞ்சினார். மாமா சோற்றைப் பார்த்தபடி இருந்தார். அணிக்காக அடிபட்டு, உதைபட்டு, நெருஞ்சி முள்ளில் விழுந்தெழும்பிய மனிதர். அந்தத் தலைக்குத்தான் கண் கலங்கினார்.

மாஸ்டர் வந்தது சாப்பாட்டு நேரத்தில் அல்ல, பின்னேரம். படலையில் குடைதான் முதலில் தெரிந்தது. தாகம் என்றார். கதிரை போட்டோம். இருந்துகொண்டு வளவு முழுக்கக் கண்ணால் துழாவினார். மாமா அப்போதுதான் முகம் வழித்துவிட்டு வந்தார். எத்தனை தரம் வழித்தாலும் கன்னமும் நாடியும் நீலமாகத்தான் இருக்கும். மாஸ்டரின் கண் அந்த நாடியில் போய் நின்றது.

"என்ன தம்பி, பதினெட்டு வயசுக்கு நல்ல தாடி."

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "அ... அ... அக்கா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். வாழ்க்கையில் முதல் முறையாக முழுசாக வந்தது. "மாஸ்டருக்குத் தேத்தண்ணி!"

சின்னம்மா வெளியே வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். நேரே மாமாவிடம் போய், எட்டாத உயரத்தில் இருந்த அவருடைய காதை எட்டிப் பிடித்துத் திருகினார்.

"அக்காவை வேலை ஏவுறியோ? வந்த ஆளுக்குத் தேத்தண்ணி வைக்க உனக்குக் கை இல்லையோ? போடா குசினிக்கு!"

காதோடு சேர்ந்து மாமாவும் கீழே குனிந்தார். "விடுங்கோ அக்கா, நோகுது," என்றார். நடிப்பு இல்லை, உண்மையாகவே நொந்தது. பிறகு குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தார்.

மாஸ்டர் குடையை எடுத்து மடியில் வைத்தார். தாடியைக் கண்டு நம்பாதவர் காதைக் கண்டு நம்பினார். யாழ்ப்பாணத்தில் தமையனின் காதைத் திருகுகிற தங்கை இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நல்ல வளர்ப்பு," என்று அப்புவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதங்களில் வீட்டில் இன்னொரு ஆட்டமும் நடந்துகொண்டிருந்தது. சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மன்னார்ப் பக்கம், கொழும்பில் கிளாக்கர், வயது இருபத்திமூன்று. நல்ல இடம் என்று அம்மா கண்டவர் நிண்டவருக்கெல்லாம் சொன்னார். சின்னம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. அவருக்கு ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. கொன்வென்ற் மதரிடமும் கேட்டு வைத்திருந்தார்.

"இன்னும் படிச்சு என்ன கிழிக்கப் போறாய்?" என்பார் அம்மா. "வாற இடத்தை விட்டால் பிறகு ஆர் வருவினம்?"

"வராட்டில் இருக்கிறன்."

"வாயைப் பொத்து."

மாப்பிள்ளையின் படம் வந்தபோது எல்லோரும் கைமாற்றிப் பார்த்தோம். நல்ல வடிவான மனிதர். சின்னம்மா பார்த்துவிட்டு, சுவரில் பல்லி ஓடுகிறது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்தார். பெரிய உடம்பு, சின்னக் கண், எதையும் ஒருமுறை எடை போட்டுத்தான் பார்ப்பார். அம்மாவுக்குப் பெரிய சங்கடம். தமையன் என்று சொன்னால், மனிசி பெண்ணை விசாரிக்கப் போகிற கொன்வென்ற் வழியாக அது மாஸ்டரின் மனைவிக்குப் போய்விடும். தம்பி என்று சொன்னால் மனிசி நேரில் பார்க்கிறபோது பெண்ணின் வயதை யோசிப்பார். அதனால் மாமாவை விடியவே பந்தடிப் பயிற்சிக்குத் துரத்திவிட்டு, "ஒரு சகோதரம், பந்தடிக்கிறவன்" என்று அந்த நாள் முழுக்கச் சமாளித்தார். பெண்ணுக்கு இருபது என்று கேட்டு மனிசி திருப்திப்பட்டார். போகும்போது ஒரு சொல் சொன்னார்: "அந்தச் சகோதரத்தின்ர கடைசி ஆட்டத்துக்கு நானும் வாறன். அண்டைக்கே கலியாண நாளையும் வைச்சிடுவம்."

வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இறுதி ஆட்டம் எங்களுக்கும் பட்டணத்தாருக்கும். வழி நெடுக அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தி சொன்னார். "கேள். அண்ணை எண்டு கத்தினால் மாஸ்டருக்குக் கேக்கும். தம்பி எண்டு கத்தினால் மாப்பிள்ளையின்ர தாய்க்குக் கேக்கும். நீ ஒண்டுமே கத்தாதை. வாயைத் திறக்காதை. மாதாவை நினைச்சுக்கொண்டு இரு."

"ஓம் அக்கா," என்றார் சின்னம்மா, நல்ல பிள்ளைபோல.

பெண்கள் பக்கத்து வாங்கில் அம்மா, மாப்பிள்ளையின் தாய், நான், சின்னம்மா என்று இருந்தோம். இரண்டு வரிசை பின்னால் மாஸ்டரின் குடை. ஆட்டம் தொடங்கியது. மைதானமே கத்தியது. அப்பு தொண்டை கிழியக் கத்தினார். சுவாமிகூடக் கத்தினார். சின்னம்மா மட்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். மாமா விழும்போதெல்லாம் அவருடைய முழங்கால் என் காலில் வந்து இடிக்கும்.

இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒரு கோல் அடித்தோம். பிறகு பட்டணத்தார் வெறி பிடித்ததுபோல் வந்தார்கள். முடிகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருத்தன் பந்தைக் கையால் தொட்டுவிட்டான். பெனால்ற்றி. கோலுக்குள் மாமா தனியே நின்றார். கையை இரண்டு பக்கமும் விரித்தார். மீன்வலை அவருக்குப் பின்னால் காற்றில் ஆடியது. பட்டணத்து ஆள் ஓடிவந்து உதைத்தான். மாமா எந்தப் பக்கம் பாய்ந்தார் என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அவர் நிலத்தில் கிடந்தார். பந்து அவருடைய நெஞ்சுக்குக் கீழே இருந்தது.

விசில் ஊதினார்கள். கேடயம் எங்களுக்கு. சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பட்டணத்து மாஸ்டர் நடந்து போய் மாமாவுக்குக் கைகொடுத்ததை நான் கண்டேன். குடை தோளில் இல்லை, கக்கத்தில் இருந்தது. ஒரு முறைப்பாடும் இல்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது. அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் சின்னம்மா வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தார். அவசரப்படவில்லை. அதை ஒழுங்காக மடித்து இடுப்பில் செருகினார். பிறகு வாங்கின் மேல் ஏறி நின்றார்.

"தம்பீ!" என்று கத்தினார். "என்ர தம்பியடா! நான் தூக்கி வளர்த்த பிள்ளையடா!"

மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா கையை நீட்டி அவரைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். சின்னம்மா அதற்கும் மேலாக இன்னொரு முறை கத்தினார். அங்கே சனத்தின் தோளில் மாமா போய்க்கொண்டிருந்தார். காலையில் வழித்த நாடி அதற்குள் மறுபடி கறுத்திருந்தது.

மாப்பிள்ளையின் தாய் அந்த நாடியைப் பார்த்தார். சின்னம்மாவைப் பார்த்தார். மெல்ல என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, அவர் உன்ர சின்னம்மாவுக்கு என்ன முறை?"

கிணற்றடியில் அவ்வளவு நாள் பாடமாக்கியதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது. "தம்பி," என்றேன், கணீர் என்று.

"அவருக்கு எத்தினை வயசு?"

"பள்ளிக்கூடத்திலையோ, வீட்டிலையோ?"

"வீட்டிலை சொல்லு, ராசாத்தி."

"வீட்டிலை இருபத்திரண்டு."

மனிசி பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். தம்பிக்கு இருபத்திரண்டு என்றால் தமக்கைக்கு? இரண்டாம் முறையும் தொட்டுப் பார்த்தார். கணக்கு அதேதான், மகனின் இருபத்திமூன்றுக்குக் குறையாமல், வந்திருக்க வேண்டும். கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். வீட்டில் பலகாரம் செய்து வைத்திருக்கிறது, வாங்கோ என்றார் அம்மா. மனிசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

மறு கிழமையே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறதாம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இப்போதே மன்னாருக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன், அவன்தான் தமையன், இவள்தான் தங்கை என்று கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியைக் கொண்டே சொல்விக்கப்போகிறேன் என்று நின்றார். விளையாட்டுச் சுவாமி இதைக் கேட்டுச் சைக்கிளில் பறந்து வந்தார். அப்படிச் சொன்னால் கேடயம் அடுத்த நாளே பட்டணத்துக்குப் போய்விடும் என்றார்.

"சொன்னாலும் நம்பாயினம்," என்றார் அப்பு. "பந்துக்கு நாலு வயசைக் குறைச்ச குடும்பம் கலியாணத்துக்கு நாலைக் குறைக்காதோ எண்டு கேப்பினம்."

எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"கல்லூரியின்ர மானம்தான் பெரிசு, சுவாமி," என்றார் மெல்லிய குரலில். "நான் பொறுக்கிறன்."

சுவாமி சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்தார். இது பெரிய தியாகம், பிள்ளை என்றார். கல்லூரிக்காக ஒரு பெண்ணின் வாழ்வு குழம்பினதுக்குத் தானும் பொறுப்பு என்றார். ஏதோ தன்னால் ஆனது, பயிற்சிக் கலாசாலையில் ஓர் இடத்துக்கு மதரோடு தானே கதைக்கிறேன் என்றார். சின்னம்மா இன்னும் தலையைக் குனிந்து, "சுவாமியின்ர விருப்பம்," என்றார். மாமா ஒரு மூலையில் நின்று மூக்கை உறிஞ்சினார். அன்று மத்தியானம் மீன் தலையைத் தன் கையாலேயே எடுத்துச் சின்னம்மாவின் கோப்பையில் வைத்தார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, மாஸ்டரும் கைகொடுத்துவிட்டாரே, பிறகு எதற்காகத் தம்பி என்று கத்தித் தன் கலியாணத்தைத் தானே குழப்பினார்? வாய்ப் பழக்கம்தான் என்று முடிவு செய்தேன். இவ்வளவு நாள் அப்படிக் கூப்பிட்ட வாய், சந்தோஷத்தில் தவறிவிட்டது. பாவம்.

சுவாமி போன பிறகு சின்னம்மா கிணற்றடிக்குப் போனதைக் கண்டேன். எனக்கென்று ஒளித்து வைத்திருந்த பனங்கட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சின்னம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முகம் முழுக்கச் சேலைத் தலைப்பு. தோள் இரண்டும் குலுங்கின. நான் பனங்கட்டியை அவருடைய கையில் வைத்தேன். அதை வாங்கி, தலைப்புக்குள் கொண்டுபோய் ஒரு கடி கடித்தார். குலுக்கம் இன்னும் கூடியது. மூச்சு விட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அழுகையையும் சுவாமிக்கு முன்னால் எப்படி அடக்கி வைத்திருந்தாரோ என்று நினைத்தேன். எனக்குத் தாங்கவில்லை. நானும் பக்கத்தில் குந்தியிருந்து அவரோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.